ஆள் இருக்கு

பினாங்குத் தீவில் பயத்தினால் குவாண்டம் இயற்பியல் படித்தவன் அநேகமாக நான் ஒருவன்தான். மற்றவர்கள் அறிவுக்காகப் படித்திருப்பார்கள், பட்டத்துக்காகப் படித்திருப்பார்கள். நான் வியர்த்துக்கொண்டே படித்தேன். பள்ளி இறுதி எஸ்.பி.எம். தேர்வில் ஃபிசிக்ஸ் தாளில் பெயரையும் எண்ணையும் மட்டும் எழுதிவிட்டு, மிச்ச நேரமெல்லாம் மின்விசிறியின் இறக்கைகளை எண்ணியவன். அப்படிப்பட்டவன் நாற்பத்து மூன்று வயதில், 'மனித மூளைக்குள் குவாண்டம் வேலை செய்கிறதா' என்று தேடித் தேடி வீடியோ பார்த்தால் வீட்டில் சும்மா இருப்பார்களா?

"என்னாத்த அப்படிப் பாக்குறீங்க?" என்றாள் மனைவி.

"மூளையப் பத்தி."

"இல்லாத பொருளப் பத்தி எதுக்கு இவ்ளோ ஆராய்ச்சி?"

அவளுக்குக் காரணம் தெரியாது. காரணம் ஓர் அக்கா. பெயரை எழுத மாட்டேன். அந்தப் பெயரை வாய்விட்டு முழுதாகச் சொல்லும் யோக்கியதை எனக்கு ஒரே ஒரு தடவைதான் வந்தது, அதுவும் சந்தேகக் கேஸ்.

ஜார்ஜ்டவுனில் ஒரு தனியார் மருத்துவமனை. அங்கே ஆபரேஷன் தியேட்டருக்கு நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போவதும், முடிந்ததும் தள்ளிக்கொண்டு வருவதும் என் வேலை. அக்கா மயக்க மருந்துப் பிரிவில் மூத்த நர்ஸ். டாக்டர் ஊசி போடும்போது பக்கத்தில் நின்று குழாயும் மருந்தும் எடுத்துக் கொடுப்பவர். கடலுக்கு அந்தக் கரையில் இருக்கும் செபராங் ஜெயாவிலிருந்து ஒரு சின்ன மோட்டார் சைக்கிளில் வந்து, அதை ஃபெர்ரிப் படகில் ஏற்றி, இந்தப் பக்கம் இறங்கி, ஹெல்மெட்டில் நசுங்கிய கொண்டையோடு ஏழு மணிக்கெல்லாம் நிற்பார். சீன சர்ஜன், மலாய் நர்ஸ்கள், லிஃப்ட் பழுது பார்க்க வருபவர் எல்லோருக்குமே அவர் 'அக்கா'தான். வீட்டில் தனியாள். கணவர் எப்போதோ ஆஸ்திரேலியாவுக்கு வேலைக்குப் போனார். போன இடத்தில் நிரந்தரமாகிவிட்டார். அக்கா அதைப் பற்றிப் பேசியதில்லை. நாங்கள் பேசியிருக்கிறோம்.

என் முதல் வாரத்தில் ஒரு பெரிய உடம்புக்காரரைத் தள்ளிக்கொண்டு வந்தேன். தூக்க மருந்து கொடுத்து ஆள் ஏற்கெனவே குறட்டையில் இருந்தார். கதவை முட்டித் திறந்துகொண்டு, மலாயில், "தர்பூசணி லோரி வந்தாச்சு. எங்க இறக்கணும், பாஸ்?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் சிரிப்பு கிடைப்பது சாதாரண விஷயமில்லை.

"தம்பி," என்றார் அக்கா. "ஆள் இருக்கு."

"தூங்குறாருக்கா."

"தூங்குனா ஆள் இல்லையா? நீ தூங்குறப்ப உன் சம்சாரம் உன்னத் தூக்கி வேற யாருக்காச்சும் குடுத்துருவாங்களா?"

"வாங்கிக்க ஆள் கெடைச்சா குடுத்துருவாக்கா."

அவர் சிரிக்கவில்லை. "அவருகிட்ட மன்னிப்பு கேளு."

குறட்டை விடுபவரிடம் மன்னிப்பு! கை கூப்பி, சந்நிதியில் நிற்பதுபோல் குனிந்து, "ஐயா, இந்தப் பாவியை மன்னிக்கணும்" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். எனக்கு இன்னும் சந்தோஷம். ஒரே வசவில் இரண்டு சிரிப்பு. அக்கா அந்த மனிதரின் காதருகே போய், அவருடைய முழுப் பெயரையும் சொல்லி, "புதுசா சேர்ந்த பையன். கோவிச்சுக்காதீங்க" என்றார்.

'ஆள் இருக்கு' என்பது அவருடைய சட்டம். தியேட்டரில் ஜன்னல் கிடையாது. ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் முன்னால் அக்கா நடைகூடத்தின் கோடியில் இருக்கும் ஜன்னல்வரை நடந்து போய் வெளியே பார்த்துவிட்டு வருவார். பிறகு கைப்பட்டையிலிருந்து நோயாளியின் பெயரை அப்பன் பெயரோடு, குலப் பெயரோடு, ஒரு எழுத்துக்கூடச் சிதறாமல் படிப்பார். மருந்து ஏறும்போது காதருகே குனிந்து, தமிழோ, மலாயோ, ஹொக்கியென் சீனமோ, அவர்கள் மொழியில் சொல்வார்: "மணி ஒம்பது இருவது. வெளிய மழை தூறுது. நான் இங்கதான் இருக்கேன்." மயங்கிய பிறகும் விட மாட்டார். "இப்பக் கையக் கொஞ்சம் நகத்துறோம்", "டாக்டர் தையல் போடுறாரு, முடியப் போகுது" என்று வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுவதுபோல் நடுநடுவே பேசுவார்.

"மணி சொல்றது சரிக்கா. மழை எதுக்கு?" என்று கேட்டேன்.

"அவங்களால போய்ப் பாக்க முடியாதுல்ல?"

"குத்துமதிப்பா சொல்ல வேண்டியதுதானே. படுத்திருக்கிறவரு எழுந்து போயா சரிபார்க்கப் போறாரு?"

"சரிபார்க்க முடியாதவங்ககிட்டத்தான், லா, பொய் சொல்லக் கூடாது."

நான் அக்காவின் குரலை நன்றாகப் போலி செய்வேன். அந்த இழுவை, எங்கள் ஊர்ப் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் 'லா'வுக்கு முன்னால் விடும் சின்ன மூச்சு எல்லாம். உடை மாற்றும் அறையில் என்னைச் செய்யச் சொல்லிக் கேட்பார்கள். காலியான தண்ணீர்ப் புட்டிக்கு மணி சொல்வேன், முகக்கவசப் பெட்டிக்கு வானிலை சொல்வேன்.

குவாண்டம் எங்கள் வாழ்க்கைக்குள் வந்தது கேன்டீனில். சுங்கைப் பட்டாணி ஊர்க்காரர், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த இளம் மயக்க மருந்து டாக்டர், நல்ல தமிழ்ப் பிள்ளை, மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா எதிரே உட்கார்ந்து கேட்டுவிட்டார்: "டாக்டர், நாம குடுக்குற மருந்து ஆள எப்படி மயங்க வைக்குது?"

"முழுசாத் தெரியாதுக்கா."

நான் திடுக்கிட்டேன். தெரியாமலா தினமும் எட்டுப் பேரைப் படுக்க வைக்கிறோம்?

டாக்டர் விளக்கினார். நரம்புச் செல்லின் மேல்தோலில் சின்னச் சின்னக் கதவுகள் இருக்கின்றன, மருந்து அவற்றில் வேலை செய்கிறது என்பதுதான் பெரும்பாலோர் கட்சி. ஒரு சிறிய கூட்டம் மட்டும் வேறு மாதிரி சொல்கிறது. செல்லுக்குள் கண்ணுக்கே தெரியாத குழாய்கள் இருக்கின்றன, அவற்றில் குவாண்டம் அளவில் ஏதோ நடக்கிறது, 'நான்' என்ற உணர்வே அங்கிருந்துதான் வருகிறது, மருந்து அதைத்தான் அமர்த்துகிறது என்று.

"மத்தவங்க அதக் கேட்டுச் சிரிக்கிறாங்க. குவாண்டம் நெல ரொம்ப மென்மையானது. அதக் காப்பாத்த லேப்ல எல்லாத்தையும் உறைய வைக்கிறாங்க. மூளை அப்படியா? சூடு, ஈரம், சந்தடி. சௌராஸ்தா பாசார்ல ஞாயித்துக்கிழமை காலையில சோப்புக் குமிழி விட்ட மாதிரி. கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள உடைஞ்சுரும்."

"அப்ப, அவங்க எங்க போறாங்கன்னு தெரியாது."

"தெரியாது."

"எங்க போறாங்கன்னு தெரியல. போயிட்டாங்கன்னு மட்டும் எப்படித் தெரியும்?"

டாக்டர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "எழுந்ததும் ஒண்ணும் ஞாபகம் இல்லைங்குறாங்களே, அக்கா."

"ஞாபகம் இல்லாததும் ஆள் இல்லாததும் ஒண்ணா? நான் பொறந்தது எனக்கு ஞாபகம் இல்ல. பொறந்தேன்ல?"

"பெர்த் சர்டிபிகேட்டக் காட்டுங்கக்கா, நம்புறோம்," என்றேன் நான். மேசையே சிரித்தது. டாக்டர் மட்டும் சிரிக்க மறந்து மீ கோரெங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது அந்த நாளுக்கு வர வேண்டும். எவ்வளவு நேரம்தான் கேன்டீனிலேயே உட்கார்ந்திருப்பது?

அக்காவுக்குப் பித்தப்பையில் கல். எங்கள் தியேட்டரிலேயே ஆபரேஷன். நான்தான் தள்ளிக்கொண்டு போனேன். நடைகூடத்தில், "நிறுத்து, தம்பி. ஜன்னல் பக்கம் கொண்டு போ" என்றார். டிராலியை ஜன்னலோரம் நிறுத்தினேன். தலையைத் தூக்கிப் பார்த்தார். மொட்டை வெயில், கீழே நின்ற கார்களின் கூரைகள் கண்ணைக் கூச வைத்தன. "நல்ல வெயில்," என்றார். "எனக்கு யாரு பாத்துச் சொல்லப் போறா? நானே பாத்துக்கிட்டேன். போலாம்."

சுங்கைப் பட்டாணி டாக்டர் அன்று விடுப்பில். வேறொரு மூத்த சீன டாக்டர் மயக்க மருந்து கொடுத்தார். அக்கா மயங்கினார். கண்களை மூடி, களிம்பு தடவி, டேப் ஒட்டி, வாயில் குழாய் வைத்தாயிற்று. சர்ஜன் கை கழுவிக்கொண்டிருந்தார். இரண்டு நிமிட இடைவெளி. அறையில் எல்லோருக்கும் கொஞ்சம் படபடப்பு. படுத்திருப்பது நம்முடைய அக்கா அல்லவா? எனக்கு எல்லோரையும்விட அதிகம். என் உடம்பில் பயம் வந்தால் அது வாய் வழியாகத்தான் வெளியேறும். அது என் கட்டமைப்புக் கோளாறு.

ஒரு மலாய் நர்ஸ் என்னைப் பார்த்து, மணி சொல்லேன் என்பதுபோல் கண்ணைக் காட்டினாள். நான் குனிந்தேன். அக்காவின் காதருகே, அக்காவின் குரலிலேயே, தமிழில் சொன்னேன்:

"மணி ஒம்பது இருவது. வெளிய மழை தூறுது. நான் இங்கதான் இருக்கேன், லா. ஆனா நீங்க இல்ல. பித்தப்பையில கல்லு இருக்கு. தலைக்குள்ள ஆள் இல்ல. வீட்லயும் ஆள் இல்ல, இங்கயும் ஆள் இல்ல. மொத்தமும் காலி."

எல்லோரும் சிரித்தார்கள். குரலுக்குச் சிரித்தார்கள், வார்த்தைகளுக்கு அல்ல. அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் பேசினான். இன்னொருவர் மயக்கத்தில் இருந்தார்.

நிமிரும்போது பார்த்தேன். இடது கண்ணின் டேப்புக்கு அடியிலிருந்து காதை நோக்கி ஈரமாக ஒரு கோடு.

"டாக்டர், கண்ணுல தண்ணி," என்றேன், ஆங்கிலத்தில்.

அவர் மானிட்டர் திரையைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், ஒரு மருந்தைக் கொஞ்சம் கூட்டினார். "களிம்பாக இருக்கும், சூட்டில் இளகும்" என்றார். களிம்பு இளகும். உண்மைதான். நூறு தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் களிம்பு இளகியதற்கு மருந்தை ஏன் கூட்ட வேண்டும்?

அன்று தொடங்கியது என் ஃபிசிக்ஸ் படிப்பு.

மூன்று வாரம் கழித்து அக்கா வேலைக்குத் திரும்பினார். அந்த ஜன்னலருகே என்னைப் பிடித்தார்.

"தம்பி, அன்னைக்கு எனக்கு யாராச்சும் மணி சொன்னீங்களா?"

முகத்தை மாறாமல் பிடித்து வைத்துக்கொண்டேன். "நான் சொன்னேன்கா. ஒம்பது இருவது."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்கா."

கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லதுப்பா," என்றார். மறுநாள் இரண்டு கறிபாப் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டையும் சாப்பிட்டேன். எனக்கு அவமானத்துக்குத் தனி வயிறு, பசிக்குத் தனி வயிறு.

அதன் பிறகு நான் 'சூடு, ஈரம், சந்தடி' கட்சியில் தீவிரத் தொண்டன். மூளைக்குள் குவாண்டம் கிடையாது, மனம் என்பது வெறும் மின்சாரம், ஸ்விட்சை அணைத்தால் விளக்கு அணைந்தது, அக்கா எதையும் கேட்கவில்லை. இதற்கு எதிராகப் பேசிய ஒரு வெள்ளைக்காரரின் வீடியோவைப் பார்த்துவிட்டு நான் சாப்பிடாமல் படுத்திருக்கிறேன். மூளையின் குழாய்க்குள் என்ன நடக்கிறது என்பதற்காக உலகத்தில் யாரும் நாசி கண்டார் சோற்றை மறுத்திருக்க மாட்டார்கள்.

கடைசியில் தாங்காமல் சுங்கைப் பட்டாணி டாக்டரைக் கேட்டேன். யாருக்கோ சந்தேகம் என்பதுபோல்.

"அண்ணே, குவாண்டம் உண்டுங்குறவங்களும் சரி, இல்லைங்குறவங்களும் சரி, முழு மயக்கத்துல உணர்வு இருக்காதுன்னுதான் சொல்றாங்க. எப்படி இல்லாமப் போவுதுங்குறதுலதான் சண்ட."

நான் அவரைக் கட்டிப்பிடிக்கப் போனேன்.

"ஆனா," என்றார், "முழு மயக்கமா இருந்தாத்தான். ரொம்ப அபூர்வமா ஒரு சிலருக்கு மருந்து கொஞ்சம் பத்தாமப் போயிரும். அசைய முடியாது, காது மட்டும் கேக்கும். அதுக்கு குவாண்டம் எதுக்குண்ணே? அவங்களையே கேட்டாத் தெரிஞ்சுரும்."

அவரையே கேட்பது! அது ஒன்றைச் செய்யாமல் இருப்பதற்காகத்தானே நான் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தேன்?

அக்கா ஓய்வு பெற்ற நாளில் கேக் வெட்டினார்கள். பேசச் சொன்னார்கள். நாலே வார்த்தை பேசினார், அதில் ஒன்று என்னைப் பற்றி. "நான் படுத்திருந்தப்ப இந்தத் தம்பி எனக்கு மணி சொன்னான்." எல்லோரும் கைதட்டினார்கள். அன்று கண்ணைக் காட்டிய மலாய் நர்ஸும் தட்டினாள். நான் நாடகக்காரன்போல் குனிந்து வணங்கினேன். குனிந்தவன் அப்படியே தரைக்குள் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

போன மாதம் செய்தி வந்தது. பக்கவாதம், நினைவு இல்லை. கடல் பாலத்தைத் தாண்டி, அந்தக் கரை மருத்துவமனைக்குப் பார்க்கப் போனேன். பார்வையாளர் நேரம், மாலை நாலு மணி. ஈப்போவிலிருந்து அவருடைய தங்கை வந்திருந்தார். அதே இழுவை, அதே மூச்சு.

"டாக்டருங்க காது கேக்காதுங்குறாங்க," என்றார். "நான் பேசிக்கிட்டுத்தான் இருக்கேன். பேசலன்னா அக்கா திட்டுவாங்க. நீங்களும் பேசுங்க, தம்பி. நான் தண்ணி வாங்கிட்டு வந்துர்றேன்."

அக்காவும் நானும் மட்டும். ஹெல்மெட் நசுக்காத தலைமுடியை அன்றுதான் பார்த்தேன்.

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். நாற்காலியை இழுத்துப் போட்ட பிறகுதான் சிக்கல் புரிந்தது. மன்னிப்பு அவர் காதில் விழ வேண்டுமென்றால், இந்த நிலையிலும் ஆள் இருக்கிறார் என்று நான் நம்ப வேண்டும். இப்போது இருந்தால், அன்றும் இருந்திருப்பார். அன்று இல்லையென்றால், இன்றும் இல்லை, நான் பேசுவது கட்டிலோடுதான். அதுவும் போகட்டும். அன்று அவர் காதில் விழாமல், இன்று மட்டும் விழுந்துவிட்டால்? நான் கேட்கும் மன்னிப்பிலிருந்துதானே அவருக்கு விஷயமே தெரியவரும்? அன்று கேட்டிருக்கக் கூடாது, இன்று கேட்க வேண்டும், ஆனால் புரியக் கூடாது. எந்த இயற்பியல் இதற்கு ஒத்துவரும்? நாலு வருடம் படித்த இயற்பியலில் இப்படி ஒரு பித்தலாட்டக்காரனுக்கு ஏற்பாடு எதுவும் இல்லை.

"அக்கா, நான்தான்," என்றேன். அதோடு நின்றது. வாய்க்குப் பெயர்போனவன் வாய் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன்.

தங்கை பிளாஸ்டிக் பையில் கட்டிய தேநீர் இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். என்னை உற்றுப் பார்த்தார். "நீங்க தியேட்டர்ல வேல செய்ற தம்பியா? மணி சொன்னவரு?"

"ஆமாக்கா."

"ஐயோ, அத எத்தன தடவ சொல்லிச் சிரிச்சிருக்காங்க!"

"என்னா சொல்வாங்க?"

"'மணிய ஒழுங்காச் சொன்னான். ஆனா வெளிய மழை தூறுதுன்னான் பாரு, மொட்ட வெயிலு! நானே ஜன்னல்ல பாத்துட்டுத்தான் போனேன். பொய்யி, பொய்யி'ன்னு சிரிப்பாங்க."

அன்று ஜன்னலருகே அக்கா கேட்டபோது நான் சொன்னது மணி மட்டும். மழையைப் பற்றி விழித்திருந்த அக்காவிடம் நான் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. அந்த அறையில் வேறு யாருக்கும் தமிழ் தெரியாது. மழை நான் சொன்ன இரண்டாவது வாக்கியம். அதற்குப் பிறகும் வாக்கியங்கள் இருந்தன.

"வேற ஏதாச்சும் சொன்னாங்களா, அக்கா?"

"வேறன்னா? இல்லியே. அவ்ளோதான் சொல்வாங்க." கட்டிலின் விரிப்பைச் சரிசெய்தவர் நிமிர்ந்தார். "ஏன், தம்பி? நீங்க வேற ஏதும் சொன்னீங்களா?"

'அவ்ளோதானா?' என்று அக்கா கேட்டதும் இதையேதான். கேட்டுவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு எனக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். நான் அதை வானிலை பார்ப்பதாக நினைத்துக்கொண்டேன்.

"சொன்னேன்," என்றேன்.

எழுந்தேன். வார்டின் கோடியில் ஒரு ஜன்னல் இருந்தது. அதுவரை நடந்து போய், வெளியே பார்த்து, திரும்பி வந்தேன். கைப்பட்டையைத் திருப்பி அவர் பெயரை, அப்பா பெயரோடு, முழுதாகப் படித்தேன். என் குரலில்தான். வேறு யார் குரலும் அப்போது எனக்கு வரவில்லை.

"மணி நாலு இருவது, அக்கா. வெளிய வெயில்."

தங்கை கட்டிலின் மறுபக்கம் வந்து நின்றார்.

"அன்னைக்கும் வெயில்தான்கா," என்று ஆரம்பித்தேன்.